சின்ன கார் சாக்கு, ஜீப்தான் சரக்கு

“2009-ல் திவாலான கிரைஸ்லரை இத்தாலியின் ஃபியட் ஒரு டாலர்கூடப் போடாமல் பிடித்துவிட்டது என்கிறார்களே, அது எப்படி? நொடித்துப்போன உள்நாட்டு கார் கம்பெனி வெளிநாட்டுச் சின்ன கார் கம்பெனியோடு சேர்ந்தால் நிஜமாகவே பிழைத்துக்கொள்ளுமா?” இதுதான் கேள்வி.

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில் உண்டு. ஆமாம், முதல் 20 சதவீதப் பங்குக்கு ஃபியட் ரொக்கமாக எதுவும் கொடுக்கவில்லை. இரண்டாம் பாதிக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. ஆனால் அமெரிக்காவில் கடந்த ஐம்பது வருடமாக நடந்த இந்த மாதிரிக் கூட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஒவ்வொரு முறையும் மேடையில் பேசியது சின்ன காரைப் பற்றி. பேரத்தில் கைமாறியது வேறு ஏதோ. அந்த வேறு ஏதோ பெரும்பாலும் ஜீப்பாகவே இருந்திருக்கிறது.

நான் கார் கம்பெனியில் வேலை பார்த்தவன் இல்லை. கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற தொழிலில், கொள்முதல் பக்கம் இருபது வருடம் ஓட்டியவன். அதனால் என் பார்வை கொஞ்சம் கணக்குப்பிள்ளைப் பார்வையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வண்டி செய்தே பழகிய கம்பெனிக்குச் சின்ன கார் ஏன் இவ்வளவு தலைவலி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதவு சின்னதாக இருக்கிறது என்பதற்காக அதற்கு டை, அதாவது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற அச்சு, அடிக்கிற செலவு பாதியாகிவிடாது. எஞ்சின் சோதனை, மோதல் சோதனை, வெல்டிங் லைன், பெயிண்ட் ஷாப் எல்லாம் பெரிய காருக்கு ஆகிற செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விற்கிற விலை மட்டும் பாதி. டெட்ராயிட் கம்பெனிகளுக்குச் சோறு போட்டது பெரிய செடான், பிக்கப், அப்புறம் எஸ்.யு.வி. சும்மா இருந்திருந்தால் சின்ன கார் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975-ல் சட்டம் வந்தது: ஒரு கம்பெனி விற்கிற கார்களின் சராசரி மைலேஜ் 1985-க்குள் கேலனுக்கு 27.5 மைலைத் தொட வேண்டும். நம் கணக்கில் லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர். சராசரிதான் கணக்கு என்பதால், பெரிய கார் விற்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே சின்ன காரும் விற்றாக வேண்டும். ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமானால் சோப்பும் வாங்கு என்பார்களே, கிட்டத்தட்ட அதே கதை. அதிலும் உள்நாட்டில் செய்த கார்களுக்குத் தனிச் சராசரி, இறக்குமதிக்குத் தனிச் சராசரி. ஜப்பானிலிருந்து கப்பலில் இறக்கி, தன் பெயர்ப்பலகையை ஒட்டி விற்றால் பெரிய காரின் பாவம் கழியாது. அமெரிக்க மண்ணிலேயே செய்ய வேண்டும். செய்யத் தெரியாது. தெரிந்தவனைக் கூப்பிட வேண்டியதுதான்.

கூப்பிட்டவர்களில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது அமெரிக்கன் மோட்டார்ஸ் வாசலில். சுருக்கமாக ஏ.எம்.சி. நாஷ், ஹட்சன் என்ற இரண்டு பழைய கம்பெனிகள் 1954-ல் சேர்ந்து உருவானது. அமெரிக்காவின் நாலாவது பெரிய கார் கம்பெனி. விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் ஆலை. அந்த ஊரில் 1902-லிருந்து கார் செய்கிறார்கள். ராம்ப்ளர் என்ற சிக்கனமான கார் ஐம்பதுகளின் கடைசியில் அவர்களை நன்றாக வாழவைத்தது. எழுபதுகளின் கடைசியில் புது மாடல் போடக் கையில் காசில்லை. பழைய காருக்கே முகத்தை மாற்றி, பெயரை மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1970-ல் கைசர் கம்பெனியிடமிருந்து வாங்கிப் போட்ட ஜீப் பிரிவுதான் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது.

நமக்கு ஜீப் என்றால் போலீஸ் வண்டி, தாசில்தார் வண்டி, மலைப்பாதையில் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. 1947-லிருந்து மஹிந்திரா இங்கே பூட்டி விற்று, அது பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் அது ஒரு கம்பெனியின் சொத்து. கை மாறக்கூடிய சொத்து. இந்தக் கதையில் அது எத்தனை கை மாறுகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

ஏ.எம்.சி-யிடம் வந்தது ரெனோ, பிரெஞ்சு அரசின் கம்பெனி. ஐம்பதுகளில் டோஃபின் என்ற குட்டி காரை அமெரிக்காவில் விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்ப நுழைய ஆசை, ஆனால் கடை இல்லை. ஏ.எம்.சி-யிடம் நாடு முழுக்க டீலர்கள் இருந்தார்கள், விற்கப் புது கார் இல்லை. பொருத்தம் பார்க்க ஜோசியரே வேண்டாம். 1979-ல் விற்பனை ஒப்பந்தம் போட்டார்கள், அடுத்துப் பங்கு வாங்கினார்கள், 1980 முடிவதற்குள் 46 சதவீதம் ரெனோ கையில். வெளிநாட்டு அரசின் கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்கு வண்டி செய்யக் கூடாது என்பதால், ஏ.எம்.சி தன் ராணுவ வண்டிப் பிரிவான ஏ.எம். ஜெனரலை 1983-ல் விற்க வேண்டியிருந்தது. பின்னாளில் ஹம்வீ என்ற ராணுவ வண்டி செய்து கொழித்தது அந்தப் பிரிவுதான். கூட்டு வைத்ததில் கொடுத்த முதல் விலை அது.

ரெனோ 9 என்ற காரை அமெரிக்கத் தேவைக்குத் திருத்தி, அலையன்ஸ் என்று பெயர் வைத்துக் கெனோஷாவிலேயே செய்தார்கள். 1982-ல் வந்தது. மோட்டார் டிரெண்ட் பத்திரிகை 1983-க்கான சிறந்த கார் பட்டம் கொடுத்தது. முதல் மாடல் வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் போனது. அத்தோடு சரி. எண்ணெய் விலை இறங்க ஆரம்பித்தது. காரில் கோளாறுகள் ஏற ஆரம்பித்தன. இரண்டும் சேர்ந்தால் எந்தச் சின்ன காரும் தாங்காது.

ஆனால் அதே சமயத்தில் அதே கம்பெனியில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ரெனோவின் ரேஸ் கார் பிரிவிலிருந்து வந்த ஃபிரான்ஸ்வா காஸ்டெய்ன் என்ற எஞ்சினியர் தலைமையில் புது ஜீப் செரோக்கி. பழைய செரோக்கிக்குக் கீழே ஏணி மாதிரி தனிச் சட்டம் இருக்கும். அதன்மேல் பாடியை உட்காரவைத்து போல்ட் போடுவார்கள். லாரி செய்கிற முறை அது. புதியதில் சட்டத்தையும் பாடியையும் ஒன்றாக வெல்டிங் செய்து ஒரே கூடாக்கிவிட்டார்கள். கார் செய்கிற முறை. முன்பக்கம் பட்டைப் பட்டையான லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டார்கள். அதற்குக் கீழே இருந்த திடமான ஆக்சிலை மட்டும் ஜீப்புக்கே உரியது என்று விட்டுவைத்தார்கள். பழையதைவிட 21 அங்குலம் குட்டை, ஏறக்குறைய 540 கிலோ எடை குறைவு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை இறக்கிவிடப் போகிறவரும் ஓட்டலாம், காட்டுக்குள்ளும் இறக்கலாம் என்ற ஒரு ஜாதி வண்டி அதிலிருந்து கிளம்பியது. 2001 வரை அமெரிக்காவில் செய்தார்கள். 28 லட்சத்துக்கு மேல்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், சின்ன கார் கம்பெனியின் கைத்திறன் உண்மையில் காசாக மாறிய இடம் இதுதான். குறைந்த தகட்டில், குறைந்த எடையில் ஒரு வண்டியைத் திடமாக நிற்க வைக்கிற வித்தை ரெனோ மாதிரிக் கம்பெனிக்கு ரத்தத்தில் ஊறியது. அதை அலையன்ஸில் போட்டார்கள், லாபம் வரவில்லை. செரோக்கியில் போட்டார்கள், கொட்டியது.

கொட்டியதை அள்ளிக்கொண்டது யார்? ரெனோ இல்லை. எண்பதுகளின் நடுவில் பிரான்சிலேயே ரெனோ படுநஷ்டத்தில் இருந்தது. 1985-ல் வந்த தலைவர் ஜார்ஜ் பெஸ், ஆட்குறைப்பு செய்து கம்பெனியைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். 1986 நவம்பர் 17 அன்று பாரிஸில் அவர் வீட்டு வாசலிலேயே ஒரு தீவிரவாதக் குழு அவரைச் சுட்டுக் கொன்றது. அடுத்த மார்ச்சிலேயே ரெனோ தன் பங்கை கிரைஸ்லருக்கு விற்க ஒப்புக்கொண்டது. கடன், பொறுப்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 கோடி டாலர். கிரைஸ்லர் தலைவர் லீ ஐயகோக்காவுக்கு வேண்டியது ஜீப், ஏ.எம்.சி-யின் மற்ற கார்களைக் கொஞ்ச நாளில் மூட்டை கட்டினார்கள். கெனோஷாவில் கார் அசெம்பிளி 1988 டிசம்பரில் நின்றது. ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. காஸ்டெய்ன் மட்டும் கிரைஸ்லரில் வாகன எஞ்சினியரிங் முழுவதற்கும் தலைவரானார். ரெனோவின் காசில் கனடாவின் பிராம்லியாவில் கட்டிய புத்தம்புது ஆலையும் போனஸாக வந்தது. தொண்ணூறுகளில் கிரைஸ்லர் சக்கைப்போடு போட்டதற்கு அந்த ஆலையும் அந்த எஞ்சினியர்களும் ஒரு முக்கியக் காரணம்.

ஆக, நொடித்த கம்பெனி பிழைக்கவில்லை, கைகொடுத்தவனுக்கும் பலன் இல்லை, மூன்றாவது ஆள் பிழைத்தான்.

கிரைஸ்லர் ஏற்கெனவே வேறொரு கூட்டில் இருந்த கம்பெனிதான். 1971-லிருந்து மிட்சுபிஷியில் 15 சதவீதம் வைத்திருந்தது. ஜப்பானில் செய்த கோல்ட் (Colt) என்ற சின்ன காரைத் தன் டாட்ஜ் பெயரில் விற்றது. சின்ன எஞ்சினும் அங்கிருந்தே வாங்கியது. பிறகு இரண்டும் சேர்ந்து இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் டைமண்ட்-ஸ்டார் என்று ஆலை கட்டி 1988-ல் கார் செய்ய ஆரம்பித்தன. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கிரைஸ்லர் கைகழுவிவிட்டது. வாங்கி விற்றார்கள், கற்றுக்கொள்ளவில்லை. இதில் சொல்ல அதிகம் இல்லை.

கற்றுக்கொள்ளவென்றே போட்ட கூட்டு ஒன்று உண்டு: ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் நடத்திய நம்மி (NUMMI) என்ற ஆலை. ஜி.எம் அப்போது நொடித்த கம்பெனி இல்லைதான்; ஆனால் சின்ன காரில் அடி வாங்கிக்கொண்டிருந்தது. ஃப்ரீமாண்ட் ஆலையை 1982-ல் இழுத்து மூடிவிட்டார்கள். அங்கே தினமும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வந்தவர்களில் சிலர் குடித்துவிட்டு வருவார்கள். லைனை நிறுத்துவது மகா பாவம். எஞ்சினைத் தப்பாக மாட்டியிருந்தாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், பின்னால் போய் யாராவது பிரித்துச் சரிசெய்வார்கள்.

டொயோட்டா அதே ஊரில் அதே தொழிற்சங்கத்து ஆட்களில் பெரும்பாலோரைத் திரும்ப வேலைக்கு எடுத்தது. குழுக் குழுவாக ஜப்பானுக்கு அனுப்பித் தங்கள் லைனில் நிற்க வைத்துப் பழக்கியது. திரும்பி வந்தபோது ஃப்ரீமாண்ட்டில் லைன் நெடுக, தலைக்கு மேலே துணி காயப்போடுகிற கொடி மாதிரி ஒரு கயிறு ஓடியது. ஒரு நட்டு சரியாக உட்காரவில்லையா, கயிற்றை இழு. மெல்லிசை ஒன்று ஒலிக்கும், பலகையில் உன் இடத்து விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் லைனே நிற்கும். யாரும் திட்டமாட்டார்கள். 1984 டிசம்பரில் முதல் செவர்லே நோவா வெளியே வந்தது. அது வேறு சட்டை போட்ட டொயோட்டா கொரோலாதான். வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேராகக் குறைந்தார்கள். தரம் ஜப்பான் ஆலைக்குப் பக்கத்தில் வந்தது.

இதில் யார் என்ன எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளியோடு, அமெரிக்கச் சங்கத்தோடு வேலை செய்ய முடியுமா என்பதுதான் டொயோட்டாவின் சந்தேகம். முடியும் என்று தெரிந்ததும் கென்டக்கியில் தனியாக ஆலை கட்டி 1988-ல் கார் இறக்கிவிட்டது. ஜி.எம் தன் மேலாளர்களை அனுப்பிப் படிக்க வைத்தது. அவர்கள் திரும்பி வந்து தங்கள் ஆலையில் சொன்னபோது கேட்க ஆளில்லை. வேன் நைஸ் ஆலையில் இதே முறையைக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார்கள். அதை 1992-ல் மூடினார்கள். கயிறு கட்டுவது சுலபம், இழுத்தவனைத் திட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். இதை நம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளிலும் பார்த்திருக்கிறேன். கயிறு புதுசு போலவே தொங்கும். ஒருத்தன் கை பட்ட அழுக்குகூட இருக்காது.

(ஒரு தகவல்: ஃப்ரீமாண்ட் ஆலையை 2010-ல் டெஸ்லா வாங்கியது. நார்மல் ஆலை 2017-ல் ரிவியன் கைக்குப் போனது. சின்ன காருக்காகப் போட்ட இரண்டு கூட்டு ஆலைகளிலும் இன்று மின்சார வண்டி.)

இப்போது ஃபியட். கிரைஸ்லருக்கு வருவதற்கு முன்னால் ஃபியட் ஏற்கெனவே ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் நன்றாகக் கறந்திருந்தது. 2000-ல் ஜி.எம் தன் பங்குகளைக் கொடுத்து ஃபியட்டின் கார் பிரிவில் 20 சதவீதம் வாங்கியது. ஒப்பந்தத்தில் ஒரு விதி: ஃபியட் விரும்பினால் மீதி 80 சதவீதத்தையும் ஜி.எம் தலையில் கட்டலாம், ஜி.எம் வாங்கித்தான் ஆக வேண்டும். கையெழுத்துப் போட்டபோது இது ஜி.எம்-முக்கு வாய்ப்பாகத் தெரிந்தது. நாலு வருடத்தில் ஃபியட் நஷ்டத்தில் மூழ்க, ஜி.எம்-மும் தள்ளாட, அந்த விதி வெடிகுண்டாகிவிட்டது. 2004-ல் ஃபியட் தலைவரான செர்ஜியோ மார்க்கியோன்னே, “வாங்கிக்கொள்கிறீர்களா, விட்டுவிடக் காசு கொடுக்கிறீர்களா?” என்கிற மாதிரி உட்கார்ந்தார். 2005 பிப்ரவரியில் 155 கோடி யூரோ கொடுத்து ஜி.எம் தப்பித்தது. அந்தப் பணம்தான் ஃபியட்டுக்கு மூச்சு கொடுத்தது.

அந்தக் கூட்டில் உருப்படியாக விளைந்தது ஒரு 1.3 லிட்டர் டீசல் எஞ்சின். நம் ஊரில் அதை அறியாதவர் இல்லை, பெயர்தான் தெரியாது: மாருதி ஸ்விஃப்ட் டீசல், டிசையர், டாடா விஸ்டா எல்லாம் அதில்தான் ஓடின. சென்னை விமான நிலையத்திலிருந்து டாக்சி பிடித்துப் போன எவரும் அதன் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். 2020-ல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி அதை நிறுத்தியது. அமெரிக்கக் கம்பெனியும் இத்தாலியக் கம்பெனியும் அடித்துக்கொண்டு பிரிந்த வீட்டில் பிறந்த பிள்ளை, ஜப்பானியக் கம்பெனி பெயரில் இந்தியாவில் சம்பாதித்தது.

2009-க்கு வருவோம். கிரைஸ்லர் அதற்குள் இன்னொரு கல்யாணம் செய்து முறித்திருந்தது. 1998-ல் 3,600 கோடி டாலர் மதிப்பில் ஜெர்மனியின் டைம்லரோடு இணைப்பு, 2007-ல் 80.1 சதவீதத்தை செர்பரஸ் என்ற முதலீட்டுக் கம்பெனிக்கு 740 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். மறு வருடம் நிதி நெருக்கடி. பெட்ரோல் விலை ஏறியிருந்த நேரத்தில் கிரைஸ்லரிடம் உருப்படியான சின்ன காரே இல்லை. ஒபாமா அரசு மார்ச் 30 அன்று சொன்னது: தனியாகப் பிழைக்க உனக்கு வழியில்லை, 30 நாளில் ஃபியட்டோடு ஒப்பந்தம் முடி, அப்போதுதான் கடன். ஏப்ரல் 30 அன்று திவால் மனு. ஜூன் 10 அன்று புது கிரைஸ்லர் பிறந்துவிட்டது. 41 நாள். நம் ஊரில் ஒரு வாடகை வழக்குக்கு வாய்தா வாங்கவே அதைவிட நாளாகும்.

பணம் போட்டது அமெரிக்க, கனடா அரசுகள். பெரும்பான்மைப் பங்கு ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவ அறக்கட்டளைக்குப் போனது. கம்பெனி அவர்களுக்குப் பாக்கி வைத்திருந்ததற்கு ஈடாக. அடமானம் பிடித்துக் கடன் கொடுத்தவர்களுக்கு 690 கோடி டாலருக்கு 200 கோடி மட்டும், அதாவது டாலருக்கு 29 சென்ட். 789 டீலர்களைக் கழற்றிவிட்டார்கள். ஃபியட்டுக்கு 20 சதவீதமும் நிர்வாகமும். பதிலுக்கு ஃபியட் கொடுக்க வேண்டியது சின்ன கார் பிளாட்ஃபார்ம்கள் (பல மாடல்களுக்குப் பொதுவான அடித்தளம்), எஞ்சின் நுட்பம், வெளிநாட்டில் விற்க வழி, அப்புறம் மார்க்கியோன்னே.

அடுத்த 15 சதவீதத்துக்கு மூன்று படி வைத்தார்கள், படிக்கு 5 சதவீதம். ஒன்று, ஃபியட் எஞ்சினை அமெரிக்காவில் செய்ய வேண்டும்: மிச்சிகனின் டண்டீயில் செய்தார்கள். இரண்டு, வட அமெரிக்காவுக்கு வெளியே 150 கோடி டாலர் வருமானம். மூன்று, கேலனுக்கு 40 மைல் தருகிற காரை அமெரிக்காவில் செய்ய வேண்டும்: டாட்ஜ் டார்ட். அந்த 40 மைலும் ஆய்வகக் கணக்குதான். ஷோரூமில் ஒட்டுகிற ஸ்டிக்கர் கணக்கு அதைவிடக் குறைவாக வரும். 2012 ஜனவரிக்குள் மூன்று படியும் ஏறியாயிற்று. இடையில் 2011 மே மாதம் அரசுகளின் கடன் பாக்கி 760 கோடி டாலர் அளவுக்கு முன்கூட்டியே அடைத்து, 127 கோடி கொடுத்து இன்னொரு 16 சதவீதம்; அப்புறம் அரசுகளிடம் மிச்சமிருந்த பங்கு. கடைசியாக 2014 ஜனவரியில் அறக்கட்டளையின் 41 சதவீதச் சொச்சத்தை 435 கோடி டாலர் பேரத்தில் முடித்தார்கள். அதில் ஃபியட் தன் கையிலிருந்து போட்டது 175 கோடி. மற்றதெல்லாம் கிரைஸ்லரின் சொந்தக் கல்லாவிலிருந்து. வாங்கப்படுகிற கம்பெனியே தன் விலையில் பெரும்பாதியைக் கொடுத்தது என்றால், சாமர்த்தியம் என்று சொல்லாமல் என்ன சொல்வது? அமெரிக்க அரசுக்கு இந்த மீட்பில் 130 கோடி டாலர் நஷ்டம். லட்சக்கணக்கான வேலை மிஞ்சியதே என்று பார்த்தால் மலிவுதான் என்பது என் கட்சி.

சரி, அந்தச் சின்ன கார்கள் என்ன ஆயின? ஃபியட் 500 மெக்சிகோவில் செய்து 2011-ல் அமெரிக்காவில் இறங்கியது. வருடத்துக்கு 50,000 என்று இலக்கு. முதல் வருடம் அங்கே 20,000-ஐ எட்டவில்லை. அதன் மின்சார மாடலைப் பற்றி 2014-ல் மார்க்கியோன்னேவே வாஷிங்டனில் மேடையேறி, தயவுசெய்து வாங்காதீர்கள், ஒவ்வொன்றிலும் எனக்கு 14,000 டாலர் நஷ்டம் என்று சொன்னார். விற்பவனே இப்படிச் சொல்லி நான் வேறெங்கும் கேட்டதில்லை. டார்ட்டை 2016-ல் நிறுத்திவிட்டார்கள்.

கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது 2010-ல் வந்த புது கிராண்ட் செரோக்கி. அதன் அடித்தளம் டைம்லர் காலத்தில் மெர்சிடிஸோடு சேர்ந்து போட்டது. அதாவது முறிந்த கல்யாணத்துச் சீதனம். மார்க்கியோன்னே அதன் உள் அலங்காரத்தில் காசு போட வைத்தார். தலைமையகத்தின் உச்சிமாடி அறையை ஒதுக்கிவிட்டு நாலாவது மாடியில் எஞ்சினியர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜீப் 2014-ல் உலகம் முழுக்கப் பத்து லட்சத்தைத் தாண்டியது. அப்புறம்தான் ஃபியட்டின் சின்ன கார் பிளாட்ஃபார்முக்கு உண்மையான வேலை கிடைத்தது. அதன்மேல் ஜீப் ரெனகேடைக் கட்டினார்கள், இத்தாலியின் மெல்ஃபியில். அடுத்து ஜீப் காம்பஸ். நம் நாட்டில் புனே பக்கம் ரஞ்சன்காவ் ஆலையில் 2017-லிருந்து வருவது அதே வண்டி. செரோக்கியில் நடந்தது முப்பது வருடம் கழித்து அச்சு அசலாகத் திரும்ப நடந்தது: சின்ன கார் செய்கிறவனின் எலும்புக்கூடு, மேலே ஜீப் சட்டை.

“மாருதி-சுசுகி மட்டும் சின்ன காரிலேயே ஜெயித்ததே?” என்று கேட்பீர்கள். உண்மை. 1982-ல் அரசு சுசுகியோடு கையெழுத்துப் போட்டபோது மாருதியிடம் காப்பாற்ற எதுவும் இல்லை. பழைய மாருதி எப்போதோ படுத்துவிட்டது, நிலமும் பெயரும்தான் மிச்சம். பெரிய காரின் லாபத்துக்காகச் சின்ன கார் என்ற கணக்கே இங்கே கிடையாது. சின்ன கார்தான் தொழில். சுசுகி 26 சதவீதத்தில் ஆரம்பித்து 2002-ல் பாதியைத் தாண்டி உரிமையாளராகிவிட்டது. பங்கு போன திசை மட்டும் எல்லாக் கதையிலும் ஒன்றுதான்.

பிரிட்டனின் ரோவர் கதைதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமானது. 1979 டிசம்பரில், ரோவரை அப்போது வைத்திருந்த பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனி ஹோண்டாவோடு ஒப்பந்தம் போட்டது. 1981-ல் ஹோண்டாவின் பல்லேட் காரை டிரையம்ப் அக்ளெய்ம் என்று செய்தார்கள். பதினைந்து வருடத்தில் ரோவர் நிஜமாகவே தேறியது. 1994-ல் தாய்க்கம்பெனி தன் 80 சதவீதத்தை 80 கோடி பவுண்டுக்கு பி.எம்.டபிள்யூவிடம் விற்றுவிட்டது. மீதி 20 சதவீதம் வைத்திருந்த ஹோண்டா விலகிக்கொண்டது. 2005-ல் எம்.ஜி. ரோவர் மூடும்போது அவர்கள் விற்றுக்கொண்டிருந்த சின்ன கார், புனேயில் செய்த டாடா இண்டிகா, சிட்டிரோவர் என்ற பெயரில்.

நான் இருந்த ஒரு கம்பெனியிலும் வெளிநாட்டுக் கூட்டாளி பிரிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். வக்கீல்கள் வருவதற்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். பீரோவிலிருந்த டிராயிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, நம்பர் பார்த்து, டிக் அடித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டினார்கள். இரண்டு நாள் ஆயிற்று. மெஷின் எல்லாம் எங்களுடையதுதான், ஒன்றைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அந்த மெஷினில் போட எங்களிடம் பாகம் இல்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டு அறிவிப்பைப் படித்தாலும் டிராயிங் யார் பீரோவில் இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன்.

இதே ஆட்டம் இப்போது வேறு ஜோடியோடு நடக்கிறது. ஃபியட்-கிரைஸ்லர் 2021-ல் பிரான்சின் பெஜோவோடு சேர்ந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆனது. ஜீப் மறுபடி ஒரு பிரெஞ்சுத் தொடர்புக்குள். அந்த ஸ்டெல்லாண்டிஸ் 2023-ல் சீனாவின் லீப்மோட்டாரில் 150 கோடி யூரோ போட்டு ஏறக்குறைய 21 சதவீதம் வாங்கியது. லீப்மோட்டாரின் குட்டி மின்சார காரை ஐரோப்பாவில் தன் டீலர்கள் மூலம் விற்க ஒரு கூட்டு நிறுவனம், அதில் 51 சதவீதம் ஸ்டெல்லாண்டிஸுக்கு. 2024-ல் அந்த காரைப் போலந்தின் டிஹி ஆலையில் பூட்டிப் பார்த்தார்கள். ஐரோப்பாவுக்கான ஃபியட் 500-ஐ வருடக்கணக்கில் செய்த அதே ஆலை. டிராயிங் சீனாவில் இருக்கிறது.